மாட்ரிட் இறுதிப் போட்டிக்குப் பிறகு டாட்டன்ஹாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2019 இறுதிப் போட்டியில் தோற்ற லண்டன் கால்பந்து கிளப் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் (ரசிகர்களுக்கு ஸ்பர்ஸ்) அடுத்த கோப்பையைத் தொட ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் நடந்ததைப் பற்றிப் புதிய ரசிகர்களும் பழைய ரசிகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய இறுதிப் போட்டியில் தோற்ற ஒரு கிளப் எப்படி எழும், எப்படி எழாமல் போகும் என்பதைப் புரிந்துகொள்ள ஸ்பர்ஸைவிட நல்ல எடுத்துக்காட்டு சமீப காலத்தில் இல்லை என்று நான் நம்புகிறேன்.

அந்த இறுதிப் போட்டியில் என்னதான் நடந்தது?

2019 ஜூன் 1, மாட்ரிட், வாண்டா மெட்ரோபொலிட்டானோ மைதானம். எதிரணி லிவர்பூல். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, சாடியோ மானே அடித்த பந்து ஸ்பர்ஸ் வீரர் மூசா சிசோக்கோவின் கையில் பட்டது. பெனால்டி. இரண்டாவது நிமிடத்தில் முகமது சாலா கோல் போட்டார். 87ஆவது நிமிடத்தில் டிவோக் ஒரிகி இன்னொன்று. 2-0.

ஆட்டம் சுவாரசியமாக இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முடிந்து மூன்று வாரம் கழித்து, கடும் வெயில் நாளில், இரண்டு அணிகளும் சோர்வாக ஆடின. ஸ்பர்ஸ் கையில் பந்து நிறைய நேரம் இருந்தது, ஆனால் அதை வைத்து உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

முழுதாகக் குணமாகாத ஹாரி கேனை ஆட வைத்ததுதான் தோல்விக்குக் காரணமா?

இல்லை. ஏப்ரல் 9 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கணுக்காலில் அடிபட்ட கேன், அணியின் முதன்மை கோல் வீரர், அதன்பிறகு நேரே இறுதிப் போட்டியில்தான் இறங்கினார். ஆம்ஸ்டர்டாமில் நடந்த அரையிறுதியில் அயாக்ஸுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, கடைசி கோலைக் காயங்களுக்கான கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் அடித்து, அணியை மாட்ரிட்டுக்கே கூட்டி வந்த லூகாஸ் மோரா பெஞ்சில் உட்கார்ந்தார். அது நியாயமில்லை என்று எனக்கும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் மோரா முதல் நிமிடத்திலிருந்து ஆடி, கோப்பையே கிடைத்திருந்தாலும், அந்தக் கோடையில் கிளப் முன்னால் நின்ற பிரச்சினைகள் அப்படியேதான் இருந்திருக்கும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

இறுதிப் போட்டி வரை போன அணிக்கு மறுசீரமைப்பு எதற்கு?

எல்லோரும் தவறவிடும் இடம் இது. இறுதிப் போட்டி வரை போன பயணம் அணியின் உண்மை நிலையை மறைத்துவிட்டது.

அந்த சீசனின் லீக் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். முதல் 26 ஆட்டங்களில் 60 புள்ளிகள். 20 வெற்றி, 6 தோல்வி, ஒரு டிராகூட இல்லை. பட்டத்துக்கே போட்டி போடும் வேகம் அது. மீதி 12 ஆட்டங்களில் கிடைத்தது 11 புள்ளிகள்தான். ஏழு தோல்விகள். மொத்தம் 71 புள்ளிகளோடு நான்காம் இடத்தில் முடித்தார்கள், அதுவும் மற்ற அணிகளும் தடுமாறியதால். 2019 ஜனவரியில் ஃபுல்ஹாமை அதன் மைதானத்தில் வென்றபிறகு, வெளி மைதானத்தில் அடுத்த லீக் வெற்றி நவம்பரில்தான் வந்தது. இடையில் பத்து மாதம்!

சாம்பியன்ஸ் லீக் பயணமும் நூலிழையில் தப்பிய பயணம்தான். குரூப்பில் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. காலிறுதியில் சிட்டியோடு 4-4, அரையிறுதியில் அயாக்ஸோடு 3-3, இரண்டிலும் வெளி மைதான கோல் விதியால் தப்பினார்கள் (இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணி முன்னேறும் என்பது அன்றைய விதி). அந்த இரவுகளின் ஆனந்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த கால்பந்து இரவுகள் அவை. ஆனால் அந்த ஆட்டங்களை வென்றது பழைய அணியின் மன உறுதி. கால்களில் தெம்பு தீர்ந்துகொண்டிருந்தது.

நடுக்களத்தின் உயிராக இருந்த மூசா டெம்பெலேவை 2019 ஜனவரியில் சீனாவுக்கு விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. டோபி ஆல்டர்வெய்ரெல்ட், யான் வெர்டோங்கன் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். கிறிஸ்டியன் எரிக்சன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தார். இந்த மூவருடைய ஒப்பந்தமும் ஒரே நாளில், 2020 கோடையில், முடிவதாக இருந்தது.

ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். ஐரோப்பியக் கால்பந்தில் ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்தக் கிளப்புக்கும் இலவசமாகப் போகலாம். பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995இல் வந்த தீர்ப்பு அந்த உரிமையைக் கொடுத்தது. அதனால் ஓராண்டு மட்டும் மிச்சமுள்ள வீரரை வாங்க வருபவர் பாதி விலைதான் கேட்பார். கொடுக்காவிட்டால் காத்திருந்து அடுத்த ஆண்டு சும்மா கூட்டிப் போவார்.

எரிக்சன் கதை அப்படித்தான் முடிந்தது. உச்சத்தில் இருந்தபோது பெரும் தொகைக்குப் போயிருக்கக்கூடியவர், 2020 ஜனவரியில் இன்டர் மிலானுக்குச் சுமார் 2 கோடி யூரோவுக்குப் போனார். வெர்டோங்கன் இலவசமாக பென்ஃபிகாவுக்குப் போனார். பணம் மட்டும் நஷ்டமில்லை. போகப்போகிறவர்கள் பாதிப் பேர் இருக்கும் உடைமாற்று அறையில் எந்தப் பயிற்சியாளர் புதிதாக எதைக் கட்ட முடியும்?

ஒன்றரை ஆண்டு யாரையுமே வாங்கவில்லை என்பது உண்மையா? புதிய ஸ்டேடியம்தான் காரணமா?

உண்மை. 2018 ஜனவரி கடைசியில் மோரா வந்தார். அடுத்த வீரர் வந்தது 2019 ஜூலையில். 2018 கோடையில் ஒருவரைக்கூட வாங்காத ஸ்பர்ஸ், டிரான்ஸ்ஃபர் விண்டோ முறை (குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வீரர்களை வாங்கி விற்கும் முறை) வந்தபிறகு ஒரு கோடை முழுவதும் சும்மா இருந்த முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. 2018 மே மாதம்தான், சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு, கிளப் துணிந்து முடிவெடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் மௌரிசியோ போச்செட்டினோ பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆம்ஸ்டர்டாமில் அணியைக் காப்பாற்றியவர் கிளப் கடைசியாக வாங்கிய வீரர் என்பதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. இன்னும் இரண்டு பேர் அப்படி வந்திருந்தால்?

ஸ்டேடியம் ஒரு காரணம். 2019 ஏப்ரல் 3 அன்று திறந்த அந்த மைதானத்துக்குச் சுமார் 100 கோடி பவுண்டு ஆனது. கடனை 2019 செப்டம்பரில் நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றினார்கள், 52.5 கோடி பவுண்டு அளவுக்கு. அப்படியும் கையில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2018-19 சீசனில் கிளப்பின் வருமானம் சுமார் 46 கோடி பவுண்டு, அதில் சம்பளத்துக்குப் போனது ஏறத்தாழ 39 சதவீதம். பெரிய கிளப்புகளில் இது பாதியைத் தாண்டுவதுதான் வழக்கம். கிளப் தலைவர் டேனியல் லீவி கணக்கில் கெட்டிக்காரர், கிளப்பைக் கடனில் மூழ்க விடாதவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் நல்ல வீரரை இரண்டு ஆண்டு முன்னதாக விற்று இன்னொருவரை வாங்குவதற்குப் பணத்தைவிட ஒரு திட்டம்தான் முக்கியம். அது இல்லை என்பதே என் கருத்து.

2019 கோடையில் செலவு செய்தார்களே, பிறகென்ன?

செய்தார்கள். லியோனிலிருந்து டாங்கி என்டொம்பெலே, கிளப்பின் அன்றைய சாதனை விலையில், சுமார் 6 கோடி யூரோவுக்கு. ஃபுல்ஹாமிலிருந்து ரயன் செசன்யோன். பெட்டிஸிலிருந்து முதலில் கடனாக (அதாவது தற்காலிகமாக) ஜியோவானி லோ செல்சோ. லீட்ஸிலிருந்து ஜாக் கிளார்க்.

நான்கு பேரும் இளைஞர்கள், திறமைசாலிகள். ஆனால் ஒருவர்கூட நிலைக்கவில்லை. என்டொம்பெலே லியோனுக்கும் நாப்போலிக்கும் கலாட்டாசராய்க்கும் கடனாகப் போய்க்கொண்டே இருந்து, 2024இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேறினார். செசன்யோனைக் காயங்கள் விடவே இல்லை. இவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளாகப் படிப்படியாகச் செய்திருக்க வேண்டியதை ஒரே கோடையில் செய்தால், புதியவர்கள் நொறுங்கிக்கொண்டிருக்கும் அணிக்குள்தான் வந்து சேர்வார்கள். பழகிக்கொள்ள யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

போச்செட்டினோவை நீக்கியது சரியா?

என் பதில்: தவறு. இதில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்திருப்பார்கள், தெரியும்.

நீக்கியவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நான்காம் டிவிஷன் கால்செஸ்டரிடம் லீக் கோப்பையில் தோல்வி. அக்டோபர் 1 அன்று பேயர்ன் மியூனிக்கிடம் சொந்த மைதானத்தில் 2-7, செர்ஜ் க்னாப்ரி மட்டும் நான்கு கோல். நான்கு நாளில் பிரைட்டனிடம் 0-3. நவம்பர் 19 அன்று அவரை அனுப்பியபோது அணி 12 ஆட்டங்களில் 14 புள்ளியோடு 14ஆம் இடத்தில் இருந்தது. அவரே களைத்துப்போயிருந்தார், பேட்டிகளில் அது தெரிந்தது.

ஆனால் 2014இல் வந்து, தொடர்ந்து நான்கு சீசன் சாம்பியன்ஸ் லீக் இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அணியைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். கட்டுவதற்கு நேரம் வந்தபோது அவரை வெளியே அனுப்பிவிட்டு, மறுநாளே ஜோசே மொரின்யோவை அழைத்து வந்தார்கள். உடனே கோப்பை வெல்ல வைப்பவர் என்று பெயரெடுத்தவர் மொரின்யோ. அணிக்கு அப்போது தேவைப்பட்டது மூன்று ஆண்டுப் பொறுமை. ஆறு ஆண்டு அலைச்சலுக்கு அந்த ஒரே ஒரு நாள்தான் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

லிவர்பூல் மட்டும் ஒரே ஆண்டில் எப்படி எழுந்தது?

மாட்ரிட்டில் ஸ்பர்ஸை வென்ற அதே லிவர்பூல், ஓராண்டு முன்பு, 2018 மே 26 அன்று கீவில் ரியல் மாட்ரிட்டிடம் 1-3 என்று தோற்றது. கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ் செய்த இரண்டு பிழைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டே நாளில் மொனாக்கோவிலிருந்து ஃபபின்யோ வருவதாக அறிவித்தார்கள். ஜூலையில் ரோமாவிலிருந்து அலிசன். நபி கெய்ட்டாவை வாங்குவதற்கான ஒப்பந்தம் ஓராண்டு முன்பே முடிந்திருந்தது. கீவுக்கு நான்கு மாதம் முன்பே ஃபிலிப்பே கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றிருந்தார்கள், வெர்ஜில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். அதாவது தோல்விக்குப் பிறகு யோசிக்க ஆரம்பிக்கவில்லை, பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத இன்னொரு விஷயம். 2018ஆம் ஆண்டுக்குள்ளேயே முன்கள வீரர்கள் ஃபிர்மினோ, சாலா, மானே மூவரும் புதிய நீண்ட ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்பர்ஸின் எரிக்சன், வெர்டோங்கன், ஆல்டர்வெய்ரெல்ட் நிலைமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த மூன்று கையெழுத்துகளில்தான் தெரிகிறது.

பேயர்ன் கதையும் இதே மாதிரி. 2012இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாம் இடம், அதில் கடைசியது சொந்த மைதானத்தில் செல்சியிடம் பெனால்டியில். பயிற்சியாளர் யூப் ஹைன்கஸை மாற்றவில்லை. விளையாட்டு இயக்குநராக மத்தியாஸ் சாமரைக் கொண்டுவந்தார்கள். ஜாவி மார்ட்டினெஸ், டான்டே, மரியோ மன்ஜூக்கிச் வந்தார்கள். அடுத்த ஆண்டே மூன்று பட்டங்களும் கிடைத்தன.

அந்த 2013 இறுதியில் பேயர்னிடம் தோற்ற டோர்ட்மண்ட்?

அவர்களுக்கு வேறு வகை அடி. மரியோ கோட்சே பேயர்னுக்குப் போவது இறுதிப் போட்டிக்கு முன்பே வெளியானது. ஓராண்டு கழித்து ராபர்ட் லெவான்டோவ்ஸ்கியும் இலவசமாக அங்கேயே போனார். 2015 பிப்ரவரியில் டோர்ட்மண்ட் லீக்கில் கடைசி இடத்துக்கே இறங்கியது. ஏழாம் இடத்தில் முடித்தார்கள், யுர்கன் க்ளாப் விடைபெற்றார். ஆனாலும் ஸ்பர்ஸைவிட வேகமாகத் தேறினார்கள், ஏனென்றால் பயிற்சியாளர் மாறினாலும் இளம் வீரர்களைக் கண்டுபிடிக்கும் வேலை அங்கே நிற்கவில்லை.

மொரின்யோ, கான்டே போன்ற பெரிய பயிற்சியாளர்களாலும் ஏன் முடியவில்லை?

ஒவ்வொருவரும் வேறு வேறு கால்பந்தை ஆடுபவர்கள் என்பதால். முன்னேறிச் சென்று பந்தைப் பறிக்கும் போச்செட்டினோ அணியை மொரின்யோ பின்வாங்கித் தற்காக்க வைத்தார். 2020 டிசம்பரில் லீக்கில் முதலிடத்தில்கூட இருந்தார்கள், பிறகு சரிந்தார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று, லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்பு, அவரை நீக்கினார்கள். 29 வயது ரயன் மேசன் பொறுப்பேற்க, சிட்டியிடம் 0-1 தோல்வி. நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ நான்கு மாதம் இருந்தார். அன்டோனியோ கான்டே நேர்மையாகச் சொன்னால் நல்ல வேலை செய்தார். மூன்று பின்கள வீரர்கள் முறையில், ஜனவரியில் வந்த குலுசெவ்ஸ்கி, பென்டன்குர் துணையோடு, 2022இல் நான்காம் இடம். அடுத்த மார்ச்சில் சவுத்தாம்ப்டன் ஆட்டத்துக்குப் பிறகு வீரர்களையும் கிளப்பின் போக்கையும் வெளிப்படையாகச் சாடினார், சில நாளில் விலகினார்.

ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஏற்ற வீரர்களை வாங்கி, அவர் போனதும் அடுத்தவருக்கு அவர்கள் உதவாமல் போவது. இதுவே திரும்பத் திரும்ப நடந்தது.

கேனை 2021இலேயே விற்றிருக்க வேண்டுமா?

மனசு வேண்டாம் என்கிறது, கணக்கு வேண்டும் என்கிறது. 2020-21 சீசனில் லீக்கிலேயே அதிக கோல் (23), அதிக கோல் உதவி (14) இரண்டும் அவர்தான். அந்தக் கோடையில் அவர் போக விரும்பினார், சிட்டி கேட்டது, லீவி மறுத்தார். விற்றிருந்தால் அந்தப் பணத்தில் ஒரு புது அணியையே தொடங்கியிருக்கலாம். விற்காததால் 2022இல் நான்காம் இடமும், கிளப்பின் கோல் சாதனையை அவர் முறியடிப்பதைப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தன. மொத்தம் 280 கோல் போட்டுவிட்டு, 2023 ஆகஸ்டில் பேயர்னுக்குப் போனார், அதுவும் ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போது. அவர் மாதிரி ஒருவரை வைத்துக்கொள்ள ஒரு கிளப் பாடுபட்டதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

லீக்கில் 17ஆம் இடம் வந்த அணி ஐரோப்பியக் கோப்பையை எப்படி வென்றது?

2024-25 சீசனில் ஆஞ்சே போஸ்டெகொக்லுவின் அணி 22 லீக் ஆட்டங்களில் தோற்று 38 புள்ளிகளோடு 17ஆம் இடத்தில் முடித்தது. தரமிறக்கப்படும் இடங்களுக்கு ஒரு படி மேலே. அதே அணி 2025 மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் கோப்பையைத் தூக்கியது. கோல் பிரென்னன் ஜான்சன், 42ஆவது நிமிடம். கோல் கோட்டருகே மிக்கி வான் டி வென் காற்றில் பாய்ந்து பந்தை வெளியே தள்ளியதும் ஒரு கோலுக்குச் சமம். 2008 லீக் கோப்பைக்குப் பிறகு முதல் கோப்பை, 1984க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை.

காயங்கள் குவிந்து லீக் கைவிட்டுப் போனபின், பயிற்சியாளர் வியாழக்கிழமைகளில் நடந்த யூரோப்பா லீக் ஆட்டங்களுக்கே தன் சிறந்த வீரர்களைப் பத்திரப்படுத்தினார். தன் வழக்கத்துக்கு மாறாக, இறுதியில் முன்னிலை கிடைத்தபின் தற்காப்பாகவும் ஆடினார். பதினாறு நாள் கழித்து கிளப் அவரை நீக்கியது. லீக் அட்டவணையைப் பார்த்தால் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

மாட்ரிட்டில் தொடக்கத்திலிருந்து ஆடியவர்களில் பில்பாவோவிலும் ஆடியவர் யார்?

சன் ஹியுங்-மின் மட்டும். மாற்று வீரராக இறங்கினார், அணித் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார், அந்தக் கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்.சி.க்குப் போனார். மாட்ரிட்டில் ஆடாமல் பெஞ்சில் இருந்த பென் டேவிஸ் 2025இலும் அணியில் இருந்தார்.

அப்படியானால் மறுசீரமைப்பு முடிந்ததா?

கோப்பை கிடைத்தது, அணி இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. 2025இல் வான் டி வென், ரொமேரோ, பாப்பே மடார் சார், பெர்க்வால், ஆர்ச்சி கிரே என்று இளம் முதுகெலும்பு ஒன்று இருந்தது. 2019இல் இது இல்லை. 2025 கோடையில் தாமஸ் ஃபிராங்க் பயிற்சியாளரானார், செப்டம்பரில் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பிறகு லீவி தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

புதிய நிர்வாகத்தை மதிப்பிட நான் பார்ப்பது கோப்பையை அல்ல, ஒப்பந்தத் தேதிகளை. முக்கிய வீரர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு மட்டும் மிச்சமிருக்கும்போது, புதிய கையெழுத்தா, நல்ல விலைக்கு விற்பனையா என்று அந்தக் கோடையிலேயே முடிவெடுக்கிறார்களா? பயிற்சியாளர் மாறும்போது வாங்க வேண்டியவர்களின் பட்டியலும் மாறுகிறதா, அப்படியே இருக்கிறதா?